தணல் பார்த்துச் சமைத்தல்: முகாம் தீயில் முதன்முறை சமைக்கும் குடும்பங்களுக்கு

வீட்டில் காஸ் அடுப்பிலோ மின்னடுப்பிலோ சமைப்பவர் தீயைப் பற்றித் தனியாக யோசிப்பதில்லை. குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சூடு கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும். முகாம் தீயில் அந்தக் குமிழ் கிடையாது. அதன் வேலையை விறகின் வகை, தணலின் அளவு, சட்டிக்கும் தணலுக்கும் இடையிலுள்ள தூரம், சமைப்பவரின் பொறுமை ஆகிய நான்கும் சேர்ந்து செய்கின்றன. கோடை விடுமுறையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்குக் கூடாரத்தோடு போகும் தமிழ்க் குடும்பங்களில், மசாலா தடவிய கோழிக்கால் வெளியே கரியாகவும் எலும்போரம் பச்சையாகவும் தட்டுக்கு வந்த கதை பலரிடம் உண்டு. மசாலாவிலோ கோழியிலோ குற்றமில்லை. தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும்போதே இறைச்சியை அதன்மேல் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தீ எந்தக் கட்டத்தில் இருக்கும்போது சமைக்க வேண்டும், அந்தக் கட்டத்தை எப்படி உண்டாக்குவது, அதற்கு ஏற்ற எளிய உணவுகள் எவை என்பதை மட்டுமே இக்கட்டுரை விளக்குகிறது.

விறகு எரிவது ஒரே நிகழ்வு போலத் தோன்றினாலும் அது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் விறகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வேண்டும். அது வற்றும்வரை விறகுக்குக் கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், ஈரவிறகு புகையுமே தவிர எரியாது. ஈரம் போனபின், ஏறத்தாழ 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்குகிறது. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயுக்கள் காற்றோடு சேர்ந்து எரிவதைத்தான். வாயுக்கள் பெரும்பாலும் தீர்ந்தபின் எஞ்சுவது கரி. அது சுவாலையின்றி, செந்நிறத்தில், மேலே மெல்லிய வெண்சாம்பல் போர்த்தபடி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அதுவே தணல்.

சமையலுக்கு வேண்டியது இந்த மூன்றாவது கட்டம். சுவாலை காற்றின் போக்கில் ஆடுகிறது. ஒரு கணம் சட்டியின் இடப்பக்கத்தையும் அடுத்த கணம் வலப்பக்கத்தையும் சுடும். முழுதாக எரியாத கரித்துகள்கள் அதில் இருப்பதால் அது படும் இடமெல்லாம் கரி பிடிக்கும், நேரே படும் உணவில் கசப்பும் ஏறும். தணல் அப்படி ஆடுவதில்லை. அதன் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாக, ஒரே சீராக மேலே வருகிறது, தணலை நெருங்கினால் கூடுகிறது, விலகினால் குறைகிறது. ஆகவே, சட்டியை உயர்த்தியும் தாழ்த்தியும், தணலைக் குவித்தும் பரப்பியும் சூட்டை நம் கைக்குள் வைத்துக்கொள்ள முடிகிறது. யாழ்ப்பாணத்து அடுப்படியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிட்டுத் தணலில் சோற்றைப் புழுங்கவிடுவதும், சாம்பலுக்குள் புதைத்துப் பனங்கிழங்கு சுடுவதும் இதே அறிவுதான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், மின்னடுப்பிலேயே சமையல் பழகியவர்களுக்கும் மட்டும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

விறகும் தீயும்

எல்லா மரமும் ஒரே மாதிரித் தணல் தருவதில்லை. மேப்பிள், ஓக் போன்ற அடர்த்தியான மரங்கள் மெதுவாக எரிந்து, கனமான, நெடுநேரம் நிற்கும் தணலைத் தரும். பைன், ஸ்ப்ரூஸ், சீடார் போன்ற ஊசியிலை மரங்கள் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆனால் பிசின் நிறைந்திருப்பதால் வெடித்துப் பொறி பறக்கும், எரிந்து முடிந்தபின் கையளவு தணல்கூட மிஞ்சாது. தீ மூட்டுவதற்கு ஊசியிலை மரத்துச் சிறு துண்டுகளும், சமைப்பதற்கு அடர்ந்த மரமும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. விறகு உலர்ந்திருக்கிறதா என்பதை அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம்: உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாகத் தட்டுப்படும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்புகள் இருப்பதும் நல்ல அடையாளம்.

வீட்டுக் கொல்லையில் வெட்டிப்போட்ட மரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது சிக்கனமாகத் தோன்றலாம், ஆனால் அதைச் செய்யக்கூடாது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிறத்து வண்டு ஒன்று, 2002-ஆம் ஆண்டில் டெட்ரொயிற்றிலும் எல்லைக்கு இப்பால் வின்ட்சர் பகுதியிலும் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் சுரங்கம் குடைந்து, நீரும் உணவும் செல்லும் பாதையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். அந்த வண்டு தானாகப் பறந்து பரவிய தூரத்தைவிட விறகோடு வாகனங்களில் ஏறிப் பரவிய தூரம் மிக அதிகம். ஆகவே, விறகைச் சமைக்கும் இடத்திலேயே வாங்க வேண்டும்; பெரும்பாலான பூங்காக்களில் அது விற்பனைக்கு உண்டு. முகாமிடத்தைச் சுற்றி நிற்கும் மரங்களின் கிளையை ஒடிப்பதும், பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையை உரிப்பதும் கூடாது. பழைய பலகைகள், சாயம் பூசிய மரம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை எரித்தால் நச்சுப் புகை வரும் என்பதால், சமையல் தீயில் அவற்றுக்கு இடமே இல்லை.

தீயைப் பூங்கா அமைத்துத் தந்திருக்கும் தீக்குழிக்குள் மட்டுமே மூட்டலாம். பல குழிகளில் ஒரு கம்பித் தட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். மூட்டும் முறை எளிது: நடுவில் கசக்கிய தாளோ உலர்ந்த சருகோ, அதன்மேல் விரல் பருமனுள்ள சுள்ளிகள் கூம்பாக, அவை நன்றாகப் பற்றியபின் கைப்பருமன் விறகு, கடைசியில் பெரிய விறகு. ஒவ்வொரு படியிலும் காற்று புக இடம் விட வேண்டும். விறகை நெருக்கி அடுக்கினால் தீ மூச்சுத் திணறிப் புகையும். ஊரில் பனை, தென்னையின் காய்ந்த பாகங்களான கொக்காரையும் பன்னாடையும் ஊமலும் செய்த வேலையை இங்கே சுள்ளிகள் செய்கின்றன. கற்பூரம் கையில் இருந்தால் ஒரு கட்டி போதும், ஈரலிப்பான காலையிலும் பற்றிக்கொள்ளும். பெற்றோலை ஊற்றும் பழக்கம் உள்ளவர் யாரும் கூட வந்தால், அவரைத் தீக்குழிப் பக்கம் விடாதிருப்பதே உத்தமம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். தீ மூட்டியதிலிருந்து சமையலுக்கு ஏற்ற தணல் விழ முக்கால் மணி நேரமாவது செல்லும். விறகு சற்று ஈரமென்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆறு மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் நாலரைக்கே தீ மூட்டியாக வேண்டும். பிள்ளைகள் பசியில் நச்சரிக்கத் தொடங்கிய பிறகு விறகை அடுக்குவதுதான் பச்சைக் கோழிக்காலில் போய் முடிகிறது.

தணல் விழுந்தபின் அதைக் குழி முழுவதும் சமமாகப் பரப்பக் கூடாது. ஒரு பக்கம் ஆழமாகக் குவித்து, நடுவில் மெல்லிதாகப் பரப்பி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டால் ஒரே குழியில் மூன்று விதமான சூடு கிடைக்கும். தண்ணீர் கொதிக்க வைப்பதும் இறைச்சியைச் சிவக்க வைப்பதும் குவியலின் மேல். ரொட்டியும் மீனும் நடுவில். வெந்தது ஆறாமல் இருக்க வெறும் பக்கம். கொழுப்பு சொட்டித் திடீரென்று சுவாலை எழுந்தால், உணவை அந்த வெறும் பக்கத்துக்கு நகர்த்திவிட்டால் தானே அடங்கிவிடும். எரியும் கொழுப்பின்மேல் தண்ணீர் தெளித்தால் அது சீறித் தெறித்துச் சமைப்பவரையே சுட்டுவிடும். தணல் நெடுநேரம் வேண்டுமென்றால் குழியின் ஒரு மூலையில் இரண்டு விறகைத் தொடர்ந்து எரியவிட்டு, அதிலிருந்து விழும் புதுத் தணலை அவ்வப்போது இழுத்துக்கொள்ளலாம்.

சூட்டை அளக்க உள்ளங்கையே போதும். உணவு இருக்கப்போகும் உயரத்தில் கையைத் தணலுக்கு மேலாக நீட்டி, ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண வேண்டும். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் அது கடுஞ்சூடு. நாலைந்து எண்ண முடிந்தால் மிதமான சூடு. ஏழெட்டு வரை தாங்கினால் மெல்லிய சூடு. தொடக்கத்தில் சமைப்பவர் செய்யும் பெரும்பாலான உணவுகளுக்கு அந்த நாலைந்துதான் சரியான இடம்.

பாத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று, மூடியோடு கூடிய கனமான எவர்சில்வர் சட்டி ஒன்று, முழங்கை நீளத்துக்கு இடுக்கி ஒன்று, தடித்த தோல் கையுறை ஒரு சோடி ஆகியவை போதும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரங்களை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பூச்சு ஏறத்தாழ 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும், தணலின்மேல் வெறும் சட்டி அந்தச் சூட்டை விரைவில் எட்டிவிடும். பிரஷர் குக்கரும் வேண்டாம். அதன் இறப்பர் வளையமும் பிளாஸ்ரிக் கைப்பிடியும் தீக்கு நிற்காது. சட்டியின் வெளிப்புறத்தில், சமைக்கத் தொடங்குமுன் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை மெல்லிதாகப் பூசிவிட்டால் பிடிக்கும் கரி கழுவும்போது எளிதாகப் போய்விடும்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

முகாமில் கத்தியும் பலகையும் வைத்து வெங்காயம் அரிவது படத்தில் அழகாக இருக்கும். உண்மையில் நுளம்பு கடிக்கும், தண்ணீர்க் குழாய் நூறு அடி தள்ளி இருக்கும், அரிந்தது மண்ணில் விழும். இயன்ற அளவு வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவதுதான் இந்தச் சமையலை எளிய சமையலாக்குகிறது. வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவற்றை அரிந்து டப்பாக்களில் அடைக்கலாம். ரொட்டிக்கான மாவையும் உப்பையும் அளந்து ஒரு பையில் போட்டுக்கொள்ளலாம். கோழித்துண்டுகளை மசாலாவில் புரட்டி, இறுக்கி மூடும் பையில் தட்டையாகப் பரப்பி, உறையவைத்து எடுத்துச் செல்லலாம். அது கூலருக்குள் ஐஸ் கட்டியின் வேலையையும் செய்யும், இரண்டாம் நாள் மாலைக்குள் உருகி மசாலாவும் ஊறியிருக்கும்.

கூலர் விடயத்தில் கண்டிப்பு வேண்டும். 4 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில்தான் உணவில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஆகவே, கூலருக்குள் 4 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு ஐஸ் துண்டுகளைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும் என்பதால், பால் போத்தல்களில் நீர் நிரப்பி உறையவைத்து அடியில் அடுக்குவது மலிவான வழி. பச்சை இறைச்சி அடியில், கசியாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் குளிர்பானங்களுக்கு இன்னொரு கூலர் கொண்டுபோனால் இறைச்சி இருக்கும் கூலர் குளிர்ச்சியாகவே இருக்கும். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். சோற்றை வீட்டில் ஆக்கி அண்டாவோடு கொண்டுவந்து மறுநாள்வரை வைத்துச் சாப்பிடும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். ஆறிய சோற்றில் பெருகும் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

எளிய உணவுகள் சில

முதன்முறை சமைப்பவருக்கு நான் சொல்லும் முதல் உணவு கத்தரிக்காய் சுட்டுச் சம்பல். சட்டி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கருகிவிடுமே என்ற பயமும் வேண்டாம், ஏனென்றால் கருகுவதுதான் அதற்கு வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கும் பெரிய ஊதாக் கத்தரிக்காயைக் கழுவித் துடைத்து, முள்ளுக்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்த வேண்டும். குத்தாவிட்டால் உள்ளே சேரும் நீராவி தோலை வெடிக்கவைத்துவிடும். பிறகு அதை நேரே தணலின்மேல் படுக்கவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் புரட்டிக்கொடுக்க வேண்டும். தோல் முதலில் மினுமினுப்பை இழக்கும், பிறகு சுருங்கும், பிறகு முழுக்கக் கறுத்துச் செதில் செதிலாகப் பிரியும். காம்புப் பக்கத்திலிருந்து சாறு கொதித்துச் சொட்டும். இருபது நிமிட அளவில் காய் தன் பாரம் தாங்காமல் சப்பென்று அமுங்கும். அப்போது எடுத்து ஒரு தட்டில் மூடிவைத்தால், ஐந்து நிமிடத்தில் தோல் தானாகக் கழன்றுவரும். தண்ணீரில் கழுவக்கூடாது, கழுவினால் அந்தப் புகைவாசம் போய்விடும். ஒட்டியிருக்கும் கரியைக் கையால் துடைத்துவிட்டு, கரண்டியால் மசித்து, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, இரண்டு மூன்று கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் சம்பல் தயார்.

அதற்குத் துணை தேங்காய் ரொட்டி. இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், மிளகாய். தமிழ்க் கடைகளில் கிடைக்கும் உறையவைத்த தேங்காய்ப்பூ கூலரிலேயே இளகியிருக்கும். வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, அரை மணி நேரம் மூடிவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தாளின்மேல் கையாலேயே தட்டலாம், உருளைக்கட்டை வேண்டாம். தோசைக்கல்லை நடுத்தணலின்மேல் வைத்து, நன்றாகச் சூடேறியபின் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் சுட வேண்டும். உள்ளங்கைக் கணக்கு இங்கேதான் மிகவும் உதவும்: இரண்டு எண்ணும் சூட்டில் ரொட்டி வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும், எட்டு எண்ணும் சூட்டில் காய்ந்து அட்டையாகிவிடும். வீட்டில் இடித்த கட்டைச் சம்பல் ஒரு போத்தலில் கூட வந்தால் காலைச் சாப்பாடு முடிந்த மாதிரித்தான்.

கோழிக்கு இரண்டு கட்டச் சமையல் வேண்டும். முதலில் நடுத்தணலில், தட்டியின்மேல், ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடி, உள்ளே வேகவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் குவியலின்மேல் வைத்துச் சிவக்கவைக்க வேண்டும். எதிர்மாறாகச் செய்பவர்களே அதிகம். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவுசெய்யக் கூடாது; மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்ட கோழி பச்சையாக இருக்கும்போதே சிவந்துதான் இருக்கும். உணவு வெப்பமானி ஒன்றை எலும்பில் முட்டாமல் சதையின் நடுவில் குத்தினால் 74 பாகை காட்ட வேண்டும். அரைத்த மாட்டிறைச்சியில் செய்த பர்கருக்கு அது 71 பாகை.

மீனையும் மரக்கறியையும் அலுமினியத் தாளில் பொதிந்து சுடுவது இன்னும் எளிது. சால்மன் அல்லது ட்ரவுட் துண்டுக்கு உப்பு, மிளகுத்தூள், பூண்டு, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஓரங்களை இரண்டு முறை மடித்து மூடினால், உள்ளே சேரும் ஆவியிலேயே பன்னிரண்டு பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். புளி, தக்காளி, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். அவற்றைச் சேர்ப்பதாயின் உள்ளே ஒரு பார்ச்மென்ட் தாளை வைத்து அதற்கு வெளியே அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும். உருளைக்கிழங்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும் என்பதால், தாளில் சுற்றி எல்லாவற்றுக்கும் முன்னால் தணலோரத்துச் சாம்பலில் புதைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் மாதம் போகிறவர்கள் வழியில் பண்ணைக்கடைகளில் சோளம் வாங்கிக்கொள்ளலாம். மேல்தோல் உரிக்காமல் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் தட்டியின்மேல் புரட்டிப் புரட்டிச் சுட்டால், தோல் கருகும், மணி தன் ஆவியிலேயே வெந்து இனிக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தேய்த்துச் சாப்பிடும்போது மெரினாவை நினைப்பவர்களும் உண்டு, காலிமுகத்திடலை நினைப்பவர்களும் உண்டு.

ஒற்றைச் சட்டிச் சாப்பாடு வேண்டுமென்றால் மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்த்த கிச்சடி நல்லது. பருப்பு விரைவில் கரையும், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம், அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருக்க ஒரு பிள்ளையை நியமித்துவிடலாம். வெறும் சோற்றை உதிரி உதிரியாக ஆக்குவது மட்டும் முதல் பயணத்தில் வேண்டாம். அதற்குக் கொதி வந்ததும் சூட்டைச் சட்டென்று குறைக்க வேண்டும், அந்த வித்தை கைவர நாட்செல்லும். சோறு இல்லாமல் முடியாது என்பவர்கள் அதைக் காஸ் அடுப்பிலேயே ஆக்கிக்கொள்ளட்டும்.

வார்ப்பிரும்புச் சட்டியில் கேக்கோ பாணோ சுடும் முறை அடுத்த படி. விளிம்புள்ள மூடியின்மேலும் தணலை வைத்து, அதை ஒரு போறணையாக்கிவிடுவதுதான் அதன் நுட்பம். வெப்பம் மேலெழும்புவதால் அடியில் குறைவாகவும் மூடியில் கூடுதலாகவும் வைக்க வேண்டும். 12 அங்குலச் சட்டிக்கு, கடையில் விற்கும் ஒரே அளவான கரிக்கட்டிகளைக் கனலவைத்து அடியில் 8, மேலே 16 வைத்தால் உள்ளே ஏறத்தாழ 175 பாகை கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோ உண்டு. அது சொல்லிக்கொடுக்காமலே வரும். அதோடு பேனக் ரொட்டியையும் செய்துபார்க்கலாம். கனடாவின் பூர்வகுடி மக்களின் உணவில் இன்று முக்கிய இடம்பெற்றிருக்கும் இது, மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, கொழுப்பு, நீர் சேர்த்த எளிய பிசைவு; அதைக் கயிறுபோல் உருட்டி ஒரு தடியில் சுற்றித் தணலுக்கு மேலாகத் திருப்பிக்கொண்டே பிடித்தால் பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும். தடியைச் சுவாலைக்குள் நீட்டும் பிள்ளையின் ரொட்டி கரியாகும், தணலுக்கு மேலே பொறுமையாகப் பிடிக்கும் பிள்ளையினுடையது உப்பி வரும். இக்கட்டுரை சொல்லவந்த பாடத்தை இதைவிட விரைவாக யாரும் கற்பிக்க முடியாது.

பாதுகாப்பு

தீக்குழியைச் சுற்றி இரண்டு எட்டுத் தூரத்துக்கு ஓடி விளையாடக் கூடாது என்று முதலிலேயே கோடு கிழித்துவிட வேண்டும். நைலோன், பொலியெஸ்ரர் ஆடைகள் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால், சமைப்பவர் பருத்தி உடுத்துவதும் துப்பட்டாவைக் கழற்றி வைப்பதும் நல்லது. சுட்டுக்கொண்டால் குறைந்தது பத்து நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். பற்பசையும் வெண்ணெயும் பூசும் பழக்கம் சூட்டை உள்ளே பூட்டிவைக்குமே தவிர ஆற்றாது. ஆற்றங்கரைக் கற்களை எடுத்துவந்து அடுப்புக் கூட்டினால், உள்ளே ஊறியிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லையே வெடிக்கவைக்கலாம். மழை வந்தால் பார்பிக்யூ அடுப்பையோ தணல் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் விழித்துக்கொள்ளவும் மாட்டார்.

அல்கோன்குயின் போன்ற பூங்காக்கள் கருங்கரடிகளின் வசிப்பிடம். சாப்பாடு முடிந்தவுடன் மிச்சம், குப்பை, கூலர், எண்ணெய் படிந்த பாத்திரம், சவர்க்காரம், பற்பசைகூட, வாகனத்துக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற் பொட்டலமும் இருக்கக் கூடாது. மனித உணவின் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி வரும், கடைசியில் பெரும்பாலும் அந்தக் கரடியைத்தான் சுட்டுக்கொல்ல நேரிடும்.

தீயை அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு. மேலே சாம்பல் பூத்துக் குளிர்ந்ததுபோல் தோன்றும் தணலுக்குள் மறுநாள்வரை நெருப்பு இருக்கும். தண்ணீரை ஊற்றி, தடியால் நன்றாகக் கிளறி, மறுபடி ஊற்றி, சீற்றம் நின்றபின் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, சூடே இல்லை என்று உறுதியான பின்பே படுக்கப்போக வேண்டும்.

ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 31 வரை ஒன்ராறியோவின் காட்டுத்தீக் காலம். மழை பொய்த்த வாரங்களில் பூங்காக்கள் தீ மூட்டுவதற்கே தடை விதிக்கும், அந்த அறிவிப்பு புறப்படும் நாள் காலையில்கூட வரலாம். அப்போது விறகுத் தீயும் கரித் தீயும் கூடாது. நிறுத்தக் குமிழ் உள்ள புரொப்பேன் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு, ஆனாலும் வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆகவே, தீயில் சமைக்கவென்றே போனாலும் ஒரு சிறு காஸ் அடுப்பு காரில் இருக்க வேண்டும். ரொட்டியும் கிச்சடியும் தாளில் பொதிந்த மீனும் அதில் குறையில்லாமல் வரும், கோழியைத் துண்டு சிறிதாக்கிப் பிரட்டலாக வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்காயை நேரே காஸ் சுவாலையில் காட்டினாலும் தோல் கருகி உள்ளே குழையும். விறகுப் புகையின் வாசம் இராது என்பதால் தேசிக்காயையும் பச்சை மிளகாயையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.